தொழிலை விற்கும் நாளில் எதற்கு விலை கிடைக்கும்? ஐந்து வழிகளின் ஒப்பீடு

சொந்தமாகச் சிறு தொழில் நடத்தும் ஒருவர் மூன்று, நான்கு ஆண்டுகளில் அதை விற்றுவிட்டு ஒதுங்க நினைக்கிறார். கையில் கொஞ்சம் உபரிப் பணம் இருக்கிறது, கொஞ்சம் நேரமும் இருக்கிறது. எதில் போடுவது? புது மெஷின் வாங்குவதா, விளம்பரம் செய்து பெயரை வளர்ப்பதா, நல்ல சம்பளம் கொடுத்து மேனேஜரை அமர்த்துவதா, வாடிக்கையாளர்களை ஆண்டு ஒப்பந்தத்துக்குள் கொண்டுவருவதா, அல்லது முதலில் கணக்கை ஒழுங்குபடுத்துவதா? ஐந்துமே நல்ல காரியங்கள்தான். ஆனால் விற்கும் நாளில் ஐந்துக்கும் ஒரே மரியாதை கிடைக்காது. லாபத்தில் ஓடிய தொழில்கூடக் கடைசியில் பழைய மெஷின்களின் விலைக்குப் போவது உண்டு. அப்படிப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து அளப்பது?

1810இல் இங்கிலாந்தில் ஒரு சரக்கு வண்டித் தொழிலின் விற்பனை வழக்காயிற்று. அதில் எல்டன் பிரபு குட்வில்லுக்கு ஒரு விளக்கம் தந்தார். பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்பி வருவார்கள் என்ற சாத்தியம்தான் குட்வில் என்பது அதன் சாரம். இருநூறு ஆண்டுகள் கழிந்தும் வாங்க வருபவர் இதைத்தான் எடைபோடுகிறார். சாவி கைமாறிய மறுநாள் காலையில் என்ன மிஞ்சும் என்பதே அவருடைய கணக்கு.

அதனால் ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் சோதிக்கலாம்.

1. முதலாளி போன பிறகும் இது நிற்குமா?
2. சட்டப்படி இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா?
3. வாங்குபவரின் ஆடிட்டர் காகிதத்தில் சரிபார்க்க முடியுமா?
4. பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும்?
5. கண்ணுக்குத் தெரியாத செலவு எங்கே இருக்கிறது?

முதல் கேள்விக்கே எடை அதிகம். மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். நிரூபிக்க முடியாத நல்ல விஷயத்துக்கு யாரும் பணம் தருவதில்லை.

## முதல் வழி: கணக்கை ஒழுங்குபடுத்துவது

ஐந்திலும் செலவு குறைந்தது இதுதான். இதைச் செய்யாமல் மற்ற நான்கையும் செய்தால் அவற்றின் பலன் வெளியே தெரியாது.

சிறு தொழிலை வாங்குபவர் கணக்குப் புத்தகத்தின் கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். அதைத் திருத்தி, தன் கையில் என்ன நிற்கும் என்று பார்ப்பார். ஓர் எடுத்துக்காட்டு: புத்தக லாபம் 100. முதலாளி எடுத்த சம்பளம் 60. தொழில் செலவில் எழுதிய குடும்பக் கார் 10. ஒரே ஒருமுறை வந்த வழக்குச் செலவு 15. வாங்குபவர் இவற்றை வெளியே கொடுக்க வேண்டியதில்லை என்பதால் லாபத்தோடு கூட்டினால் 185. கட்டடம் முதலாளியுடையது என்பதால் இதுவரை வாடகை எழுதவில்லை. சந்தை வாடகை 25 என்றால், அதைக் கழித்தபின் 160. தானே வந்து உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறவருக்கு இந்தத் தொழிலின் ஆண்டு வருமானம் 160.

ஆளை வைத்து நடத்த நினைப்பவருக்கு வேறு கணக்கு. முதலாளி செய்த வேலைக்கு 70 சம்பளத்தில் ஒருவரை அமர்த்த வேண்டுமென்றால் அவர் கையில் நிற்பது 90தான். தொழில் ஒன்று, எண்கள் இரண்டு. உங்கள் தொழிலை யார் வாங்க வருவார்கள் என்று முதலில் யோசிக்க வேண்டியதற்கு இதுவே காரணம். முதலாளியே நடத்தும் சிறு தொழில்களில், முதலில் சொன்ன திருத்திய வருமானத்தின் (இங்கே 160) 2 முதல் 3 மடங்கு என்பது அடிக்கடி பேசப்படும் விலை. துறையையும் நாட்டையும் பொறுத்து அது ஏறும், இறங்கும்.

கணக்கில் ஏறாத விற்பனைதான் இங்கே பெரிய நஷ்டம். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம் இருக்க, வெறும் கூட்டல் கழித்தலிலேயே அது தோற்கிறது. ஆண்டுக்கு 10 லாபத்தைக் காட்டாமல் விட்டு, 30 சதவீத வரியில் 3 மிச்சம் பிடித்தால், வாங்குபவர் பார்க்கும் மூன்று ஆண்டுகளில் மிச்சம் 9. மூன்று மடங்கு விலையில் இழப்பு 30. “உண்மையில் இதைவிட அதிகம் வருகிறது” என்று வாயால் சொன்னால் விலை கூடாது. சொன்னவருடைய மற்ற எண்களின் மேலும் சந்தேகம் வரும்.

செய்ய வேண்டியவை:

- தொழிலுக்கும் வீட்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு, தனித்தனி கார்டு.
- மாதம் முடிந்து 15 நாளுக்குள் லாப நட்டக் கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எழுதும் கணக்கில் பருவ ஏற்ற இறக்கம் தெரியாது.
- வாடிக்கையாளர் வாரியாகவும் பொருள் வாரியாகவும் விற்பனையும் மொத்த லாபமும்.
- வரி அறிக்கை, வங்கி ஸ்டேட்மென்ட், விற்பனைப் பதிவேடு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஆடிட்டர் முதலில் கை வைக்கும் இடம் இதுதான்.
- 90 நாளுக்கு மேல் நிற்கும் பாக்கிகளையும் ஓராண்டாக அசையாத சரக்கையும் தனியாகப் பிரித்துக் காட்டுவது. நீங்கள் பிரிக்காவிட்டால் அவர் பிரிப்பார், அப்போது மொத்த இருப்பின் மேலும் தள்ளுபடி கேட்பார்.

மறைந்த செலவு: எல்லா விற்பனையும் கணக்கில் ஏறும்போது வரி கூடும். மூன்று முழு ஆண்டுகளின் கணக்கு கேட்பது வழக்கம் என்பதால், இன்று தொடங்கினாலும் முழுப் பலன் வர மூன்று ஆண்டு ஆகும்.

## இரண்டாம் வழி: முதலாளி இல்லாமலும் ஓடும் ஏற்பாடு

உழைப்பு அதிகம் கேட்பது இது. விலையை அதிகம் மாற்றுவதும் இதுதான்.

மேனேஜரைத் தேடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு வாரம், உங்களிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் எழுதுங்கள்: யார் கேட்டார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள், எதை வைத்துச் சொன்னீர்கள். முடிவில் மூன்று குவியலாகப் பிரியும்.

முதல் குவியல் அதிகாரம். தள்ளுபடி கொடுக்கலாமா, பழுதான பொருளைத் திருப்பி எடுக்கலாமா போன்றவை. இவற்றை ஒரு வரம்பு போட்டுக் கைமாற்றலாம்: கவுன்டரில் இருப்பவர் 5 சதவீதம் வரை, மேற்பார்வையாளர் 10 வரை, அதற்கு மேல் மட்டும் உங்களிடம். ஒரு வாரத்தில் பாதிக் கேள்விகள் குறைந்துவிடும்.

இரண்டாவது அறிவு. எந்த வேலைக்கு எவ்வளவு விலை, எந்தச் சப்ளையரின் சரக்கு எதற்குச் சரிவரும் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கும். இதை எழுத்தாக்குவதுதான் கடினம்.

ஒரு அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். 5,000 துண்டறிக்கை, ஏ4 அளவு, இரு பக்கமும் நான்கு கலர். புதிதாக எஸ்டிமேட் போடுபவர் முன்பக்கத்துக்கு நான்கு, பின்பக்கத்துக்கு நான்கு என்று கலருக்கு ஒன்றாக எட்டு பிளேட் (அச்சுத் தகடு) போடுவார். அனுபவமுள்ள முதலாளி, ஷீட்டில் நான்கு ஏ4 அடங்கும் என்று பார்த்து, பாதியில் முன்பக்கமும் பாதியில் பின்பக்கமும் வைத்து, அதே நான்கு பிளேட்டிலேயே ஷீட்டைத் திருப்பிப் போட்டு அடிப்பார். காகிதம் இருவருக்கும் 1,250 ஷீட்டும் வேஸ்டேஜும்தான். பிளேட் பாதி, மெஷினை அமைக்கும் நேரமும் பாதி. முதலாளி இதை அரை நிமிடத்தில் மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். ஆனால் அவர் போனபின் வரும் முதல் பத்து எஸ்டிமேட்டில் ஆர்டர் பக்கத்து அச்சகத்துக்குப் போய்விடும், அல்லது நஷ்டத்தில் எடுக்கப்படும்.

இதை எழுத்தாக்க ஒரு தாள் போதும்: ஷீட்டில் எத்தனை அடங்கும், திருப்பிப் போட முடியுமா, பிளேட் எண்ணிக்கை, காகிதம், வேஸ்டேஜ், மெஷின் நேரம், வெட்டுதல், லேமினேஷன், டெலிவரி, லாப விகிதம். கடந்த ஆண்டின் முப்பது ஆர்டர்களை இந்தத் தாளில் போட்டு, முதலாளி சொன்ன விலையோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் பெரிதாக வரும் ஆர்டர்களில்தான் எழுதப்படாத விதி ஒளிந்திருக்கும்: அவசர வேலை, பணம் தாமதமாகத் தரும் ஆள், மை அதிகம் குடிக்கும் டிசைன். அவற்றையும் சேர்த்த பிறகு, வேறொருவர் போடும் விலை உங்கள் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எந்தத் தொழிலிலும் விலை போடும் முறைதான் கடைசியாக எழுதப்படுவது. முதலில் எழுத வேண்டியதும் அதுவே.

மூன்றாவது குவியல் உறவு. “அண்ணனிடம்தான் பேசுவேன்” என்று சொல்லும் வாடிக்கையாளர்கள். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆறு மாதம் நீங்களும் மேனேஜரும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த ஆறு மாதம் அவர் மட்டும் போக வேண்டும்.

எல்லாம் முடிந்ததற்கு அடையாளம், முதலாளி தொடர்ந்து நான்கு வாரம் வராமல் இருந்தும் விற்பனை, வசூல், புகார் எண்ணிக்கை மூன்றும் வழக்கம்போல் இருப்பது. நான்கு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. அதற்குள் ஒரு சம்பள நாள், ஒரு மாத இறுதி, பெரும்பாலும் ஒரு பிரச்சினையாவது வந்துவிடும். அந்த மாதத்தின் எண்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். வாங்க வருபவரிடம் காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது.

மறைந்த செலவு இரண்டு. மேனேஜரின் சம்பளம் இன்றைய லாபத்தைக் குறைக்கும், விற்பனைக்கு ஆறு மாதம் முன்பு அமர்த்தினால் குறைந்த லாபம் மட்டுமே தெரியும், பலன் தெரியாது. அடுத்து, எல்லாம் உங்களிடமிருந்து அவருக்குப் போய்விட்டால் சார்பு இடம் மாறியதே தவிரத் தீரவில்லை. அவர் விலகினால் அதே நிலைதான். போட்டித் தொழில் தொடங்க மாட்டேன் என்று ஊழியரிடம் எழுதி வாங்கினால் போதும் என்று நம்ப வேண்டாம். இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவும் கலிபோர்னியாவின் சட்டமும் அத்தகைய தடைகளைப் பொதுவாகச் செல்லாதவை என்கின்றன. இரண்டும் தரும் விலக்குகளில் முக்கியமானது, குட்வில்லை விற்பவரே போட்டிக்கு வராமல் இருக்க ஒப்புக்கொள்வது. ஆகவே மேனேஜரைத் தக்கவைக்கப் பணம்தான் வழி: விற்பனை நாளில் ஒரு பகுதி, 12 மாதம் கழித்து மறு பகுதி என்று பிரித்துத் தரும் ஊக்கத்தொகை. கூடவே ஒவ்வொரு முக்கிய வேலையும் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

## மூன்றாம் வழி: ஒப்பந்தத்தில் வரும் தொடர் வருமானம்

பராமரிப்பு, சுத்தம், கணக்கு எழுதுதல், மென்பொருள் சந்தா, தவறாமல் போகும் சப்ளை என்று மாதாமாதம் பணம் வரும் வேலைகளுக்கு வாங்குபவர்கள் கூடுதல் மடங்கு தருவார்கள். வரப்போகும் வருமானம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறது என்பதுதான் காரணம். ஆனால் “ஒப்பந்தம்” என்று சொல்லப்படும் பல காகிதங்கள் வெறும் விலைப்பட்டியல்கள். மூன்று இடங்களைப் பாருங்கள்.

வேறொருவருக்கு மாற்றித் தரலாமா? வாடிக்கையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்றிருந்தால், விற்கும் நேரத்தில் அறுபது பேரிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டும். சிலர் அந்தச் சந்தர்ப்பத்தில் விலை குறைக்கச் சொல்வார்கள். “தொழிலின் உரிமை மாறினால் புதிய உரிமையாளருக்கு இது மாறும், வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிக்கப்படும்” என்ற வரியை அடுத்த புதுப்பிப்பிலேயே சேர்த்துவிடலாம்.

எத்தனை நாள் நோட்டீஸ்? 30 நாளில் விலகலாம் என்றால், ஓராண்டு ஒப்பந்தமும் 30 நாள் ஒப்பந்தம்தான். அப்போது காப்பாற்றுவது தக்கவைப்பு விகிதம். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த 80 பேரில் 68 பேர் ஆண்டு முடிவிலும் இருந்தால் 85 சதவீதம். இடையில் சேர்ந்த புதியவர்களை இதில் சேர்க்கக் கூடாது. சேர்த்துக் காட்டினால் ஆடிட்டர் கண்டுபிடித்துவிடுவார்.

ஒருவரையே நம்பியிருக்கிறதா? மொத்த விற்பனையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் வாங்குபவர் தயங்குவார். பாதிக்கு மேல் என்றால் அவர் வாங்குவது தொழிலை அல்ல, ஒரு வாடிக்கையாளரின் மனநிலையை.

மறைந்த செலவு முன்பணத்தில் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 120ஐ முன்னதாகவே வாங்கி, நான்கு மாதம் கழித்துத் தொழிலை விற்றால், மீதி எட்டு மாத வேலையைச் செய்யப் போவது புதியவர். அந்த 80 அவருக்குச் சேர வேண்டியது என்று விலையிலிருந்து கழிப்பார். அந்தப் பணத்தை ஏற்கெனவே செலவழித்திருந்தால் கடைசி நேரத்தில் வலிக்கும்.

## நான்காம் வழி: பெயர்

பெயருக்கு உண்மையாகவே விலை உண்டு. 1972இல் அமெரிக்காவில் பெர்க்ஷயர் ஹாத்வேயைச் சார்ந்த ப்ளூ சிப் ஸ்டாம்ப்ஸ் நிறுவனம், சீஸ் கேண்டீஸ் என்ற இனிப்பு நிறுவனத்தை 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. தொழிலை நடத்தத் தேவைப்பட்ட மூலதனம் 80 லட்சம் டாலர்தான். மீதி விலை, விலையைக் கொஞ்சம் ஏற்றினாலும் வாடிக்கையாளர் விட்டுப் போகாத அந்தப் பெயருக்கு. அது சிறு தொழில் அல்ல என்பது உண்மை. ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று: வாங்கியவுடன் நிர்வாகத்துக்கு வெளியாளைக் கொண்டுவரவில்லை, உள்ளேயே பல ஆண்டு பணியாற்றியவரைத் தலைவராக்கினார்கள். இரண்டாம் வழி அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது.

சிறு தொழிலில் பெரும்பாலும் பெயர் என்பது முதலாளியின் முகம். 1998இல் அமெரிக்க வரி நீதிமன்றம் மார்ட்டின் ஐஸ்கிரீம் நிறுவனத்தின் வழக்கில், பங்குதாரர் ஒருவர் தனிப்பட்ட முறையில் வளர்த்த வணிக உறவுகள் நிறுவனத்தின் சொத்து அல்ல, அவருடையவை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பேச்சு வரியைப் பற்றியது. ஆனாலும் வாங்குபவருக்கு அதில் தெளிவான பாடம் உண்டு: ஆளோடு ஒட்டிய குட்வில் ஆளோடு போய்விடும்.

பெயரில் பணம் போடுவதற்கு முன் உரிமையைச் சரிபார்க்க வேண்டும். வர்த்தக முத்திரை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? தொழிலின் பெயரில் இல்லாமல் முதலாளி அல்லது அவருடைய உறவினர் பெயரில் இருப்பது சர்வசாதாரணம். எந்த வகுப்பில் பதிவு? சர்வதேச வகைப்பாட்டில் 45 வகுப்புகள் உள்ளன. பொருளுக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு, வருமானம் முழுக்கச் சேவையில் வந்தால் பாதுகாப்பு தவறான இடத்தில் நிற்கிறது. பல நாடுகளில் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அந்தத் தேதி கையில் இருக்கட்டும். இணையதளப் பெயர், சமூக ஊடகப் பக்கம், இணைய வரைபடப் பதிவு, தொழில் தொலைபேசி எண் ஆகியவற்றின் பாஸ்வேர்டு எப்போதோ வேலையை விட்ட ஊழியரின் சொந்த மின்னஞ்சலில் சிக்கிக் கிடப்பதும் உண்டு.

மறைந்த செலவு: தொழிலுக்கு உங்கள் சொந்தப் பெயரை வைத்திருந்தால், விற்ற பிறகு அதே துறையில் உங்கள் பெயரை நீங்களே பயன்படுத்த முடியாமல் போகலாம். மேலும் ஐந்து ஆண்டுக்குக் குறைவான காலத்தில் விளம்பரச் செலவு விலையாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பது துணிச்சல்.

## ஐந்தாம் வழி: மெஷினும் கட்டடமும்

கைக்கு எட்டும் சொத்து என்பதால் மனசுக்குத் தெம்பு தரும். ஆனால் லாபத்தில் ஓடும் தொழிலில் மெஷினுக்குத் தனி விலை அநேகமாகக் கிடையாது. லாபத்தின் மடங்காகச் சொல்லும் விலைக்குள் அது அடங்கிவிடும். புது மெஷின் லாபத்தைக் கூட்டினால் விலை கூடும். கூட்டாவிட்டால் வாங்கிய தொகையில் பாதியும் திரும்பாது. அதே சமயம், தள்ளிப்போட்ட பழுதுபார்ப்பு முழுதாகக் கழிக்கப்படும். சர்வீஸ் பதிவேடு இல்லாத மெஷினுக்கு, அடுத்த ஆண்டே மாற்ற வேண்டும் என்ற கணக்கில் விலை பேசுவார்கள்.

கட்டடத்தைத் தொழிலோடு சேர்த்து விற்காமல் தனியாக வைத்து வாடகைக்கு விடுவதே பெரும்பாலும் நல்லது. வாங்குபவர் போட வேண்டிய மூலதனம் குறையும், உங்களுக்கு மாத வருமானம் நிற்கும். வாடகைக் கட்டடம் என்றால் ஒப்பந்தத்தின் மீதிக் காலம் முக்கியம். வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி, கடன் முடியும் வரையிலாவது இடம் உறுதியா என்று பார்க்கும். ஓராண்டே மீதி என்றால், வேறெல்லாம் நன்றாக இருந்தும் பேரம் முறியும்.

இந்த வழி சரியாக அமைவது லாபம் மெலிந்த தொழிலுக்கு. அங்கே சொத்தின் விலைதான் அடிமட்டத் தாங்கல்.

## ஒரே பார்வையில்

| வழி | முதலாளி போனபின் | கைமாற்றம் | சரிபார்ப்பு | பலனுக்குக் காலம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| கணக்கு | நிற்கும் | எளிது | மிக எளிது | 1–3 ஆண்டு | கூடும் வரி |
| முதலாளி இல்லா ஓட்டம் | நிற்கும், மேனேஜர் இருந்தால் | ஆளைத் தக்கவைப்பது தனி வேலை | நான்கு வாரச் சோதனை | 2–3 ஆண்டு | சம்பளம், ஊக்கத்தொகை |
| ஒப்பந்த வருமானம் | நிற்கும் | வாசகத்தைப் பொறுத்தது | எளிது | 2–4 ஆண்டு | முன்பணக் கழிவு |
| பெயர் | முகத்தைச் சார்ந்ததென்றால் நிற்காது | பதிவைப் பொறுத்தது | கடினம் | 5 ஆண்டுக்கு மேல் | பெயர் உரிமை இழப்பு |
| மெஷின், கட்டடம் | நிற்கும் | எளிது, கடன் பிணை இல்லாவிட்டால் | எளிது | உடனே | தேய்மானம், பழுது |

## தொகை மட்டுமல்ல, பணம் வரும் விதமும்

இரண்டு தொழில்களுக்கு 300 என்று ஒரே விலை சொன்னாலும் அவை ஒன்றல்ல. முதலாளியை நம்பி ஓடும் தொழிலுக்கு வாங்குபவர் 120ஐக் கையில் தந்து, 80ஐ மூன்று ஆண்டுத் தவணையாக வைத்து, மீதி 100ஐ “விற்பனை இந்த அளவுக்கு நின்றால்தான்” என்ற நிபந்தனையில் கட்டுவார். அந்த மூன்று ஆண்டும் விற்றவர் பழைய நாற்காலியிலேயே, இன்னொருவரின் முடிவுகளுக்குக் கீழே உட்கார வேண்டியிருக்கும். செலவை வாங்கியவர் கூட்டி லாபத்தைக் குறைத்தால் நிபந்தனைத் தொகையும் குறையும். அதனால் நிபந்தனை வைத்தே ஆக வேண்டுமென்றால் லாபத்தை விட்டுவிட்டு விற்பனைத் தொகையின் மேல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். விற்பனையைக் குறைத்துக் காட்டுவது கடினம். முதல் மூன்று வழிகளையும் முடித்த தொழிலுக்கு அதே 300இல் பெரும்பகுதி முதல் நாளே வரும்.

## எவ்வளவு காலம் இருக்கிறது?

ஐந்து ஆண்டு இருந்தால்: முதல் ஆண்டு கணக்கு, அடுத்த இரண்டில் விலை போடும் முறையை எழுதுவதும் மேனேஜரும், அதன் மேல் ஒப்பந்த வருமானம். பெயரில் விளம்பரச் செலவு செய்ய இதுதான் போதுமான காலம்.

இரண்டு, மூன்று ஆண்டு என்றால் கணக்கையும் மேனேஜரையும் ஒன்றாகத் தொடங்குங்கள். ஒப்பந்தங்களில் கைமாற்ற வரியை மட்டும் சேருங்கள். மெஷின் வாங்க வேண்டாம்.

ஓராண்டுக்குள் விற்றாக வேண்டுமென்றால் மேனேஜரை அமர்த்த நேரமில்லை. மாதக் கணக்கு, வாடகை ஒப்பந்த நீட்டிப்பு, வர்த்தக முத்திரையின் பெயர் மாற்றம், தள்ளிப்போட்ட பழுது ஆகிய நான்கையும் முடியுங்கள். தேட வேண்டியதும் தானே வந்து உட்கார்ந்து நடத்தக்கூடிய ஆளைத்தான். அதே துறையில் வேலை பார்க்கும் அனுபவசாலி, உங்களிடமே மூத்த ஊழியராக இருப்பவர், போட்டித் தொழில் நடத்துபவர் ஆகிய மூவரிடமும் முதலில் பேசிப் பாருங்கள். போட்டியாளரிடம் மட்டும், ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் வாடிக்கையாளர் பட்டியலைக் காட்டாதீர்கள். கையெழுத்து வாங்கிய பிறகும் முன்பணம் வரும்வரை பெயர்களுக்குப் பதில் “வாடிக்கையாளர் 1, வாடிக்கையாளர் 2” என்று எண் போட்ட பட்டியலையே கொடுங்கள்.